பிப்ரவரி வரை கிறிஸ்துமஸ்

தண்ணீர் வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுப்பது என் வேலை. தெருத்தெருவாகப் போய், தரையில் பதித்த இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்கி, கண்ணாடியைத் துடைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர வேண்டியதுதான். ஆனால் எல்லாக் குழாயும் மூடியிருக்கும் வீட்டில் மீட்டரின் சின்னச் சிவப்பு முள் மெல்லச் சுற்றினால், எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். எங்கே என்று கண்டுபிடிப்பது என் வேலை இல்லை. இருந்தாலும் கண்டுபிடிக்காமல் நகர மாட்டேன். எனக்கு மூக்கு கொஞ்சம் நீளம் என்று என் கணவர் சொல்வார். அது என் முகத்தைப் பற்றிய பேச்சு இல்லை.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபின் அது என் முதல் கிறிஸ்துமஸ். ஜனவரி பதினான்காம் தேதி, திங்கட்கிழமை, வேலைக்குக் கிளம்பும்போது பார்க்கிறேன், கூடத்து அலமாரி மேல் குடில் அப்படியே இருக்கிறது. மாதா, சூசையப்பர், பாலன், ஒரு காது உடைந்த கழுதை, ஏழு ஆடுகள், வந்து சேர்ந்து ஒரு வாரமாகிவிட்ட மூன்று ராஜாக்கள், ஒருவரும் இடத்தை விட்டு அசையவில்லை. மாடி ஜன்னலில் காகித நட்சத்திரமும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆண்டவருடைய திருமுழுக்கு விழாவோடு கிறிஸ்துமஸ் காலம் முடிகிறது என்று முந்தின நாள் பூசையிலேயே பங்குச்சாமி சொல்லிவிட்டார். கோயில் குடிலைப் பிரித்துப் பெட்டியில் போட்டாகிவிட்டது. என் பிறந்த வீட்டில் அதற்குக்கூடக் காத்திருக்க மாட்டார்கள். தூசி சேருகிறது என்று அம்மா புது வருஷத்துக்கு மறுநாளே எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுவாள்.

சோம்பேறித்தனம் என்று நினைக்க வழியில்லை. மாமா, அதாவது என் மாமனார், ஒரு பெரிய கிடங்கில் முப்பத்து நாலு வருஷம் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சரக்கு எந்தத் தேதியில் எந்த அடுக்கில் ஏறியது, எப்போது இறங்க வேண்டும் என்பதுதான் அவருக்கு மூச்சு. தாமதமாக வந்த லாரியை, டிரைவர் கெஞ்சிக் கூத்தாடினாலும், வாசலோடு திருப்பி அனுப்பியவர் என்று பெயர் வாங்கியவர். இன்றைக்கும் காலையில் நாட்காட்டித் தாளைக் கிழிக்காமல் பல் விளக்க மாட்டார். அவர் குடிலைப் பிரிக்க மறந்துவிட்டார் என்றால் யார் நம்புவது?

பக்தி என்றும் சொல்ல முடியவில்லை. முதல் வாசகம் முடிந்த பிறகுதான் பூசைக்கு வருவார். கடைசித் தூணில் சாய்ந்து நிற்பார். பிரசங்கம் தொடங்கினால் கண் சொக்கிவிடும். ஆனால் தினமும் சாயங்காலம் மணி ஆறு அடித்ததும் மாடியேறி நட்சத்திரத்துக்கு விளக்குப் போடுவார். பல்பு மங்கினால் உடனே மாற்றுவார். பிறகு நாற்காலியைத் தெருவைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஒன்பது மணிவரை உட்கார்ந்திருப்பார். கையில் பேப்பர் இருக்கும், ஒரு பக்கமும் புரளாது.

எதிர்வீட்டுச் சலூன்காரர் என்னைப் பிடித்து, உங்கள் வீட்டுக்கு மட்டும் கிறிஸ்துமஸ் சரக்கு ரயிலில் வந்ததா என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். எனக்கே தெரியாதபோது அவருக்கு என்னத்தைச் சொல்வது? கணவரிடம் கேட்டேன். அப்பா அப்படித்தான் என்று மென்று விழுங்கிவிட்டு, சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டார். அவர் தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டது அன்றுதான் முதல் தடவை. விஷயம் பெரிது என்று அதிலேயே தெரிந்துபோயிற்று.

சமையலறை நாட்காட்டியை ஒருநாள் புரட்டிப் பார்த்தேன். பிப்ரவரி இரண்டாம் தேதியைச் சுற்றி, கிடங்கில் மூட்டை மேல் குறி போடும் தடித்த சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம். பிறந்த நாற்பதாம் நாள் பாலனைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் காணிக்கையாகக் கொடுத்த திருநாள் அது. அன்றைக்குப் பூசையில் மெழுகுதிரி மந்திரித்துக் கொடுப்பார்கள். தூணில் சாய்ந்து தூங்குகிற மனிதருக்கு அந்த நாளில் என்ன இவ்வளவு அக்கறை என்று எனக்கு விளங்கவில்லை.

ஞாயிறு மதியம் அத்தையும் நானும் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தோம். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது யாரும் தப்பித்து ஓட முடியாது. அதனால் அந்த நேரம் பார்த்துக் கேட்டேன். அத்தை கொஞ்ச நேரம் விரிப்பை உதறிக்கொண்டே இருந்தார்.

"அவரு சொன்ன சொல்ல மாத்த மாட்டாரும்மா," என்றார் கடைசியில். "அதான் கிறிஸ்துமஸ இழுத்துக்கிட்டு இருக்காரு."

பிறகு முழுவதையும் சொன்னார். என் கணவருக்கு ஒரு தம்பி உண்டு என்பது எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்தன்று கோயிலில் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டு, விருந்துக்கு நிற்காமல் போய்விட்டானாம். மணப்பெண் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியுமா, நான் பார்க்கவில்லை. வீட்டில் அவன் பெயர் குட்டிச்சாமி. ஆறு வயதிலேயே துண்டைப் போர்த்திக்கொண்டு பிஸ்கட்டை வைத்துப் பூசை செய்வானாம். மாமாதான் எதிரில் முழந்தாளிட்டு நாக்கை நீட்டுவாராம். பிள்ளை வளர்ந்ததும் குருமடத்தில் சேர்ந்தான். மகன் சாமியாராகப் போகிறான் என்று மாமா கிடங்கு முழுக்கச் சொல்லி, தெரு முழுக்கச் சொல்லி, சலூன்காரர் காது புளித்துப்போகும் அளவுக்குச் சொல்லி வைத்திருந்தார். குருப்பட்டத்துக்கு ஒரே ஒரு வருஷம் இருக்கும்போது, பையைத் தூக்கிக்கொண்டு அவன் வெளியே வந்துவிட்டான். ஏன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

அது மூன்று கிறிஸ்துமஸுக்கு முன்னால், டிசம்பர் தொடக்கத்தில். மாமா அவனுக்குப் போன் போட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார். "கிறிஸ்துமஸ் முடியறதுக்குள்ள என் முன்னாடி வந்து நின்னு, ஏன்னு சொல்லு. முடிஞ்ச பிறகு இந்த வாசப்படிய மிதிக்காத." சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

இருபத்தைந்தாம் தேதி போயிற்று, அவன் வரவில்லை. மறுநாள் மாமா யாரிடமும் சொல்லாமல் பங்குச்சாமியிடம் போய், கிறிஸ்துமஸ் எப்போது முடிகிறது என்று கேட்டிருக்கிறார். அது ஒரு நாள் இல்லை, எட்டு நாளும் ஒரே பெருவிழா, எண்கிழமை என்று சாமியார் சொன்னார். எட்டு நாளும் போயிற்று. மறுபடி போனார். மூன்று ராஜாக்கள் திருநாள் இருக்கிறதே என்றார் சாமியார். அதுவும் போயிற்று. மறுபடி போனதற்குத் திருமுழுக்கு விழாவைக் காட்டினார். திருமுழுக்கு விழாவும் போய், பீடத்தில் திருநாள் இல்லாத நாட்களுக்குரிய பச்சை உடுப்பைச் சாமியார் போட ஆரம்பித்தாயிற்று. நாலாவது தடவையாகப் போனபோது, இனிமேல் பொதுக்காலம்தான், வேறு ஒன்றும் இல்லை என்றார் அவர். அதற்கு மேல் கொஞ்சம்கூட இல்லையா சாமி என்று மாமா கேட்ட தோரணையில் என்ன தெரிந்ததோ, பழைய வழக்கப்படி நாற்பதாம் நாள்வரை குடிலை வைத்திருப்பவர்களும் உண்டு, அதைத் தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று சொல்லி அனுப்பினாராம். மாமா தேதியைக் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்.

"அதுக்கு மேலயும் ஒரு நாள் இருந்திருந்தா அதையும் கேட்டு வாங்கிட்டு வந்திருப்பாரு," என்றார் அத்தை. அந்த வருஷம் பிப்ரவரி இரண்டுவரை பார்த்தார். அடுத்த வருஷம் முதலிலிருந்து தொடங்கினார். இது மூன்றாவது.

இவ்வளவும் அவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். யார் சொல்வது என்றார் அத்தை. அவனாகத்தான் வர வேண்டும், நாம் கூப்பிட்டு வரக்கூடாது என்று மாமா அத்தையிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். என் கணவர் ஒருமுறை நடுவில் போய்ப் பேசி, அப்பாவிடமும் தம்பியிடமும் ஒரே நாளில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்ததோடு கையைக் கழுவிவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு வீட்டில் மூன்று பேர் வாயை மூடிக்கொண்டு, நட்சத்திரத்துக்கு மட்டும் பல்பு மாற்றிக்கொண்டிருப்பதா?

என்னிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கிற சீட் பட்டறையில் அவன் வேலை செய்கிறான் என்று அத்தை வாயிலிருந்தே பிடுங்கியாயிற்று. அந்தத் தெரு என் சுற்றில் வராது. கூட வேலை செய்கிறவளிடம் ஒரு நாளைக்கு மாற்றிக்கொண்டேன். நாய் இருக்கிற தெருக்கள் நான்கை அவளுக்குப் பதிலாக நான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னதும், காரணம்கூடக் கேட்காமல் ஒத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை போனேன். உள்ளே பசை நெடி மூக்கைத் துளைத்தது. கிழித்துப்போட்ட பழைய பஸ் சீட்டுகள் ஒரு பக்கம் மலையாகக் குவிந்திருந்தன. மறுபக்கம் பச்சையும் நீலமுமாக ரெக்சின் சுருள்கள். ஓரத்தில் ஒருவன் கனத்த தையல் மெஷினில் சீட் உறை தைத்துக்கொண்டிருந்தான். என் கணவரின் காதுகள் அப்படியே அவனுக்கும் இருந்தன. மீட்டர் எங்கே என்று கேட்டேன். எழுந்து வந்து, பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நகர்த்தி மூடியைக் காட்டினான். நான் குனிந்து கண்ணாடியைத் துடைக்கும்போது மெதுவாகக் கேட்டான்.

"நீங்க அண்ணிதானே? கோயிலுக்குள்ள நடந்து வரும்போது பார்த்தேன்."

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. தரையில் குந்தியபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எண்கிழமை, மூன்று ராஜாக்கள், திருமுழுக்கு, சாமியாரிடம் எழுதி வாங்கிய தேதி, சிவப்புப் பென்சில், தெருவைப் பார்த்த நாற்காலி. அவன் தூக்கிப் பிடித்திருந்த பஸ் சீட்டைக் கீழே வைக்கவே மறந்துவிட்டான்.

"அப்பாவா போய்க் கேட்டாரு?" என்றான். "நாலு தடவையா?"

நாலு தடவை என்றேன். பழைய சீட்டின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

"முதல் வருஷமே வந்தேன் அண்ணி. ஞாயித்துக்கிழமை திருமுழுக்கு விழா அன்னிக்கு வரணும்னுதான் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதுசு, லீவு தரல. மறுநாள் சாயங்காலம் வந்தேன். தெரு முனையில நின்னு பார்த்தா நட்சத்திரம் எரிஞ்சுகிட்டு இருந்துச்சு. பச்சை உடுப்பு போட்டாச்சு, அப்பாவுக்கு அது தெரியல, கழட்ட மறந்துட்டாருன்னு நினைச்சேன். ஒரு நாள் பிந்திட்டமேன்னு திரும்பிப் போயிட்டேன்."

குருமடத்தில் ஏழு வருஷம் படித்திருக்கிறான். எந்த நாளில் எந்த நிற உடுப்பு என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். காலையில் தாள் கிழிக்காமல் பல் விளக்காத அப்பன் தேதியை மறப்பானா என்கிற ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அவன் முனையில் நின்ற அதே நேரத்தில், நட்சத்திரத்துக்குக் கீழே அந்த மனிதர் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார். இரண்டு பேரையும் ஒன்றாக நிற்கவைத்து ஆளுக்கு ஒன்று வைக்கலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது.

ஏன் வெளியே வந்தாய் என்று நான் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான். கேள்வி கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய வேலை அது, தனக்கே பதில் தெரியாமல் சாமியார் நாற்காலியில் உட்காரப் பயமாக இருந்தது என்றான். அப்பாவிடம் போய் இதைச் சொன்னால், இவ்வளவுதானா என்று கேட்பார் என்று பயந்தானாம்.

சனிக்கிழமைதான் இரண்டாம் தேதி, அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவன் என்னைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"தேதிக்குள்ள வந்தாதான் உள்ள விடுவாரா அண்ணி?"

ரீடிங்கைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று நாளும் எனக்கு நிலைகொள்ளவில்லை. யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வருவானா, மாட்டானா? வந்தால் எப்போது வருவான், பூசைக்கே வருவானா, வீட்டுக்கா? மீட்டர் எண்களில் இரண்டைத் தப்பாகக் குறித்து, மேலதிகாரியிடம் பேச்சு வாங்கினேன்.

சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு மாமா முதல் ஆளாகக் கிளம்பினார். தூணிடம் போகவில்லை. நடுவில், நடைபாதை ஓரமாக, வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் நின்றார். மெழுகுதிரியைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாரும் வரிசையாக நடந்தபோது, முன்னால் பார்க்காமல் பின்னாலேயே திரும்பித் திரும்பிப் பார்த்ததில், மெழுகு அவர் விரலில் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவுமில்லை. வீட்டுக்கு வந்ததும் நேராக மாடியேறி விளக்கைப் போட்டார். அத்தை சாப்பாட்டு மேசையில் ஐந்து தட்டு வைத்தார். நாங்கள் நான்கு பேர்.

ஒன்பது மணிக்கு மாமா விளக்கை அணைத்துவிட்டுக் கீழே வந்தார். சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனார். அறைக்குள் போனதும் என்னால் தாங்க முடியவில்லை, பட்டறைக்குப் போனதைக் கணவரிடம் உளறிவிட்டேன். உன்னை யார் போகச் சொன்னது என்று கோபித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, எப்படி இருக்கான், இளைச்சுட்டானா என்று கேட்டார்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்ததும் மாமா குடிலைப் பிரிக்க உட்கார்ந்தார். உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு சிலையையும் பழைய பேப்பரில் சுற்றி, பெட்டியில் அடுக்கி, எண்ணிக்கை சரிபார்த்தார். நட்சத்திரத்தைக் கழற்றி மடித்து மேலே வைத்தார். கயிறு போட்டுக் கட்டும்போது, பெட்டியைக் கோயிலில் கொடுத்துவிடு என்று என் கணவரிடம் சொன்னார்.

"அடுத்த வருஷத்துக்கு?" என்று அத்தை கேட்டார்.

"வேண்டாம். போதும்."

அத்தை சமையலறைக்குள் போய்விட்டார். நான் போய்ச் சொன்னதால்தான் எல்லாம் கெட்டது என்று எனக்குத் தோன்றியது. தெரியாமல் இருந்தவரை அவன் வராததற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது தெரிந்தும் வரவில்லை. என் மூக்கை நானே அறுத்துக்கொள்ளலாமா என்று இருந்தது.

அப்போதுதான் வாசல் மணி அடித்தது. சலூன்காரர் வழக்கம்போல் கிண்டலுக்கு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். குட்டிச்சாமி நின்றான். துவைத்து மடிப்புக் கலையாத சட்டை, விரல் இடுக்கில் பசைக் கறை. படியில் கால் வைக்காமல் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தான். யாரு என்று கேட்டுக்கொண்டே மாமா என் பின்னால் வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெட்டியைக் கட்டிய கயிற்றின் மிச்சம் அவர் இடது கையில் தொங்கியது.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. என் கணவர் கூடத்தில் எழுந்து நின்றது எனக்குத் தெரிந்தது.

"நேத்தோட முடிஞ்சு போச்சு," என்றார் மாமா.

"தெரியும்பா. அண்ணி வந்து சொன்னாங்க. தெரிஞ்சுதான் இன்னிக்கு வந்தேன்."

மாமா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நேத்து வந்திருக்கலாமே," என்றார்.

"நேத்து வந்திருந்தா, நீங்க கொடுத்த தேதிக்காக உள்ள விட்டிருப்பீங்க." அவன் அப்போதும் படியில் கால் வைக்கவில்லை. "கிறிஸ்துமஸ் இல்லாத ஒரு நாள்ல நான் இந்த வீட்டுக்கு வரலாமா, வரக்கூடாதா? அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

அப்பனுக்கு மேல் பிள்ளையாக இருக்கிறானே என்று நினைத்தேன். சொன்ன சொல்லுக்காக மூன்று வருஷம் நாட்காட்டியோடு மல்லுக்கட்டியவரிடம், அந்தச் சொல்லையே விடச் சொல்லிக் கேட்கிறான். தாமதமாக வந்த எந்த லாரியையும் உள்ளே விடாதவர். கதவைச் சாத்தினால், இந்த முறை நிஜமாகவே சாத்தியதுதான்.

மாமா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினார். இன்னொரு படி. செருப்புக்கூட இல்லாமல் தெருவில் இறங்கி நின்று, அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அது முடிஞ்சா முடியட்டும்டா," என்றார். "நீ உள்ள வா."